லேத்தை இடம் மாற்றுவதா, வேலையை வரிசை மாற்றுவதா? மலையகப் பட்டறைகளுக்கு நான்கு வழிகள்

கொட்டகலைப் பக்கத்தில் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு உதிரிப்பாகம் கடைந்து கொடுக்கும் பட்டறை ஒன்றின் உரிமையாளர், சில மாதங்களுக்கு முன் ஒரு கொப்பித் தாளை என்முன் விரித்தார். விரயத்தைக் குறைத்து வேலையைத் தடையின்றி ஓடவைக்கும் லீன் முறை பற்றிய பயிற்சிக்குப் போய்வந்த சூட்டோடு, தம்முடைய இரண்டு லேத்துகள் (கடைசல் இயந்திரங்கள்), ஷேப்பர், மில்லிங் இயந்திரம், டிரில், வெல்டிங் மேசை ஆகியவற்றைக் குதிரை லாட வடிவில் வளைத்து வரைந்திருந்தார். இப்போது சுவரோரமாக வகை வகையாக நிற்கும் இயந்திரங்களை அப்படி மாற்றினால் வேலைகள் சொன்ன நாளில் முடியுமா என்பதே அவருடைய கேள்வி. நாவலப்பிட்டியிலும் பண்டாரவளையிலும் வேறு சிலரும் இதையே வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள். கடன் எடுத்துத் தளம் உடைப்பதற்கு முன் கைவசம் இருக்கும் வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பது நல்லது என்பதால் இதை எழுதுகிறேன்.

டொயோட்டாவின் உற்பத்தி முறைக்கு லீன் என்ற பெயரை 1988 இல் ஜோன் கிராஃப்சிக் வைத்தார். நம் நாட்டில் அது பெரும்பாலும் ஆடைத் தொழிற்சாலைகளின் வழியாகப் பரவியது. காரோ சட்டையோ, இரண்டிடத்திலும் ஒத்த பொருள் ஆயிரக்கணக்கில் ஒரே பாதையில் செல்கிறது. நம்முடைய பட்டறைக்கோ காலையில் கொழுந்து உருட்டும் ரோலரின் கிராங்க் புஷ் (தண்டைத் தாங்கும் உலோகக் குழல்) வரும். பத்து மணிக்கு லொறியின் கிங்பின், மத்தியானம் மரக்கறித் தோட்டத்துத் தண்ணீர்ப் பம்பின் ஷாஃப்ட், பின்னேரம் கோயில் கேட்டின் கீல். இவற்றுக்குப் பொதுவான பாதை என்று ஒன்று கிடையாது. ஆகவே பயிற்சியில் காட்டப்படும் படத்தை அப்படியே கொண்டுவந்து தரையில் வரைவது, சட்டைக்கு எடுத்த அளவில் சப்பாத்துத் தைப்பதைப் போன்றது.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல், அவசர வேலையின் காத்திருப்பு. பறித்த கொழுந்து காத்திருக்காது. வாடவைக்கும் தொட்டியில் கொழுந்து கிடக்கும்போது ரோலர் ஷாஃப்ட் முறிந்தால், தொழிற்சாலை அன்றைய கொழுந்தைப் பக்கத்துத் தோட்டத்துக்கு லொறியில் அனுப்பவேண்டும், அல்லது தரம் கெட்ட தூளைத் தயாரிக்கவேண்டும். திம்புள்ளைப் பக்கத்தில் ஜனவரி முதல் மார்ச் வரையும், ஊவாவில் ஜூலை முதல் செப்டெம்பர் வரையும் தரமான தேயிலைக்குரிய காலம். அந்த மாதங்களில் நள்ளிரவில் கதவைத் தட்டும் தொழிற்சாலைப் பிட்டருக்கு நாம் என்ன பதில் சொல்கிறோம் என்பதில்தான் பட்டறையின் பெயர் தங்கியிருக்கிறது.

இரண்டாவது, திரும்பத் திரும்ப வரும் வேலை எவ்வளவு என்பது. மூன்றாவது, தரையும் மின்சாரமும். மலையில் கட்டிய கட்டிடம் ஒரு பாதி வெட்டிய மண்ணிலும் மறுபாதி நிரப்பிய மண்ணிலும் நிற்பது வழக்கம். சில பட்டறைகள் முன்னால் வீதி மட்டத்திலும் பின்னால் ஒரு மாடி கீழேயும் இருக்கின்றன. நான்காவது, ஆட்களின் கைத்திறன். ஐந்தாவது, மாற்றம் நடக்கும் நாட்களில் இழக்கும் வருமானம். இந்த ஐந்தாவதைக் கணக்கில் எழுதிய எவரையும் நான் இதுவரை பார்த்ததில்லை.

## காத்திருப்பின் கணக்கு

வழிகளுக்குப் போவதற்கு முன் ஒரு சிறு கணக்கைப் பார்த்துவிடுவோம், ஏனெனில் முடிவு இதில்தான் கிடக்கிறது. வேலைகள் ஒழுங்கின்றி வந்து, ஒவ்வொன்றும் வெவ்வேறு நேரம் பிடிக்கும் இடத்தில், ஓர் இயந்திரம் எவ்வளவு நெருக்கமாக நிரம்பியிருக்கிறதோ அதைவிடப் பலமடங்கு வேகத்தில் காத்திருப்பு ஏறும். வரிசைக் கோட்பாட்டின் மிக எளிய மாதிரிப்படி, லேத் 80 வீதம் நிரம்பியிருந்தால் புதிதாக வரும் வேலை சராசரியாக 4 வேலைகளுக்கான நேரம் காத்திருக்கவேண்டும். 90 வீதத்தில் 9 வேலைகளுக்கான நேரம். 95 வீதத்தில் 19. லேத் சும்மா நிற்கக்கூடாது என்று பார்த்துப் பார்த்து வேலையை ஏற்றுபவர் உண்மையில் தாமதத்தையே ஏற்றிக்கொள்கிறார்.

இனி இரண்டு லேத்துகள், இரண்டும் 90 வீதம் நிரம்பியவை என்று வைத்துக்கொள்வோம். எந்த வேலையும் எந்த லேத்துக்கும் போகலாம் என்றால் காத்திருப்பு 4.3 வேலை நேரம் அளவில்தான் நிற்கும். ஒன்றைப் புஷ் வேலைக்கென்றும் மற்றதை ஏனைய வேலைகளுக்கென்றும் பிரித்துவிட்டால், இரு பக்கமும் 9 ஆகிவிடும். பிரித்த பின், புஷ் லேத்தில் ஒரே மாதிரி வேலை வருவதால் செட்டிங் நேரம் (அடுத்த வேலைக்கு இயந்திரத்தைத் தயார்படுத்தும் நேரம்) மிச்சமாகி, ஒரு வேலைக்கான மொத்த நேரம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் போதும். அந்தப் பக்கத்துக் காத்திருப்பு பிரிப்பதற்கு முன் இருந்ததைவிடக் குறைந்துவிடும். ஆனால் மற்ற லேத்துக்கு அந்த மிச்சம் கிடைக்காது. அங்கே காத்திருப்பு 9 தான். அந்த மற்ற லேத்துக்கு வருவது எது? நள்ளிரவில் வரும் முறிந்த ஷாஃப்ட். இயந்திரங்களைப் பிரித்து ஒதுக்குவது வழக்கமான கட்டளைக்கு நன்மை செய்து, அவசர வேலையின் தலையில் சுமையை இறக்குகிறது. பயிற்சி வகுப்புகளில் இந்தப் பக்கத்தை யாரும் சொல்வதில்லை.

## வழி 1: இருந்த இடத்திலேயே ஒழுங்கு

இயந்திரங்கள் இப்போது நிற்கும் இடத்திலேயே நிற்கும். அவற்றைச் சுற்றியுள்ள வேலை ஒழுங்குபடும். இதில் மிகப் பெரிய பலன் செட்டிங் நேரத்தில் கிடைக்கிறது. ஷிகெயோ ஷிங்கோ 1969 இல் டொயோட்டாவின் 1000 தொன் அழுத்தி ஒன்றில் 4 மணி நேரம் பிடித்த அச்சு மாற்றத்தை முதலில் 90 நிமிடமாகவும், பின்பு 3 நிமிடமாகவும் குறைத்தார். அதன் சூட்சுமம், இயந்திரம் நின்றால்தான் செய்யமுடியும் என்ற வேலைகளையும், அது ஓடும்போதே செய்துவைக்கக்கூடிய வேலைகளையும் பிரித்ததுதான். நம் பட்டறையில் லேத் நின்றுகொண்டிருக்க, லேத் பாஸ் (லேத்தை இயக்கும் மூத்த தொழிலாளி) சக் சாவியைத் தேடுவார், மாதிரிப் பாகத்தைக் கலிப்பரால் அளப்பார், அறுக்காத கம்பியை அறுக்கப் போவார். இவை மூன்றையும் முன்னைய வேலை ஓடும்போதே உதவியாளர் செய்துமுடிக்கலாம். ஒரு பலகையில் அடுத்த வேலைக்குரிய அறுத்த கம்பி, அளவு எழுதிய தாள், தீட்டிய கருவி, போரிங் பார் ஆகிய நான்கும் காத்திருக்கவேண்டும். செலவு ஒரு பலகை மட்டுமே.

இதே வழியில் சிறு இடமாற்றங்களும் அடங்கும். ரிச்சர்ட் முத்தர் 1961 இல் வகுத்த தள அமைப்பு முறையில், எந்த இரண்டும் பக்கத்தில் இருக்கவேண்டும் என்பதற்கு ஏ முதல் யூ வரை உயிரெழுத்துத் தரங்களும், எவை சேரவே கூடாது என்பதற்கு எக்ஸ் என்ற குறியும் உண்டு. நம் இடங்களில் எக்ஸ் குறி போடவேண்டியது பெரும்பாலும் கிரைண்டருக்கும் லேத்துக்கும் இடையில்தான். சாணைத் தூசு லேத்தின் வழுக்குப் பாதையில் எண்ணெயோடு கலந்தால் அதுவே அரைக்கும் பசையாகிவிடும். கம்பி அறுக்கும் இயந்திரம் லொறி வந்து நிற்கும் கதவோரமாகவும், கிரைண்டர் அடுத்த மூலைக்கும் போனால் போதும். இரண்டும் கையால் நகர்த்தக்கூடியவை.

மறைந்த செலவு ஒன்று உண்டு. பணியிடத்தை ஒழுங்குபடுத்தும் 5எஸ் முறையின் முதற்படி வேண்டாததை வெளியே போடச் சொல்கிறது. கொழும்பிலிருந்து கம்பியும் கன்மெட்டலும் கினிகத்தேனை வழியாக மலையேறி வரவேண்டிய ஊரில், துண்டுக் கம்பி குப்பையல்ல. 2022 இல் டீசலும் இல்லை, உதிரிப்பாகமும் இறக்குமதியாகவில்லை, ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணி நேரம் மின்சாரமும் இல்லை என்றிருந்தபோது, பழைய ஷாஃப்ட் துண்டுகளை விட்டம் பார்த்து அடுக்கிவைத்திருந்தவர்களே வேலை செய்தார்கள். ஆகவே இங்கே முதற்படியை, விட்டம் எழுதி அடுக்குவது என்று திருத்திக்கொள்ளவேண்டும்.

## வழி 2: இடம் மாற்றி அமைக்கும் செல்

கொட்டகலைக்காரரின் வரைபடம் இதுதான். ஒத்த பாகங்களை ஒரு குடும்பமாகச் சேர்த்து, அக்குடும்பத்துக்குத் தேவையான இயந்திரங்களை ஓரிடத்தில் நெருக்கி நிறுத்துவது. சோவியத் நாட்டில் மித்ரோஃபானோவ் 1959 இல் இதற்கு அடித்தளம் இட்டார். பிரித்தானியாவில் ஜோன் பர்பிட்ஜ், பாகத்தின் உருவத்தைப் பார்க்கவேண்டாம், அது எந்தெந்த இயந்திரங்களின் வழியே செல்கிறது என்பதைப் பாருங்கள் என்றார். ஷாருக் இரானி போன்றோர் அந்த வழியையே தனிக்கட்டளைப் பட்டறைகளுக்குப் பொருத்திக் காட்டினர். பர்பிட்ஜின் பார்வை நமக்கு மிகவும் பொருந்தும். தேயிலை இயந்திரமான ரோட்டர்வேனின் புஷ்ஷும் லொறிக் கிங்பின் புஷ்ஷும் வாடிக்கையாளர் கண்ணுக்கு வெவ்வேறு உலகம். பாதையைப் பார்த்தால் இரண்டும் அறுத்தல், கடைதல், உட்துளை, அழுத்திப் பொருத்தல் என்ற ஒரே வரிசை.

இதன் மறைந்த செலவை நான் என் கையால் கொடுத்தேன். பல வருடங்களுக்கு முன் என் பட்டறையில் பெரிய லேத்தை டிரில்லுக்கும் ஷேப்பருக்கும் பக்கத்தில் வைக்க முடிவு செய்தபோது, லேத் பாஸ், "தம்பி, இத இங்கருந்து கெளப்புனா திரும்ப லெவல் புடிக்க யாரு வாறது?" என்று கேட்டார். அவருடைய வயதை நான் பொருட்படுத்தினேனே தவிர, கேள்வியைப் பொருட்படுத்தவில்லை. புதிய இடம் நிரப்பிய மண்ணின் மேல் போட்ட தளம். தென்மேற்குப் பருவமழை ஒன்று கடந்தபின் தளத்தின் ஒரு மூலை மிகச் சிறிதாக இறங்கியது. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. லேத்தின் படுக்கை முறுகினால் கடையும் ஷாஃப்ட் ஒரு முனையில் பருத்து மறுமுனையில் சிறுக்கும். பேரிங் ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் ஆடியபோதுதான் காரணம் புரிந்தது. அதன்பின் சில மாதங்களுக்கு ஒருமுறை லெவல் பார்ப்பதே தனி வேலையாயிற்று.

இடம் மாற்றும்போது மூன்று கட்ட மின் இணைப்பை நீட்டவேண்டும், அடித்தள போல்ட்டுகளுக்குப் புதிதாகக் கொங்கிரீட் இடவேண்டும், அது இறுகும்வரை இயந்திரம் ஓடாது. இடம் போதாமல் கட்டிடத்தை நீட்ட நினைத்தால், மண்சரிவு அபாயமுள்ள நம் மாவட்டங்களில் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரையும் தேவைப்படும். இவற்றோடு மேலே பார்த்த கணக்கும் சேர்கிறது: ஒதுக்கப்பட்ட லேத் அவசர வேலைக்குக் கிடைக்காது.

இவ்வளவுக்குப் பிறகும் இது சரியாகும் இடம் உண்டு. ஒரு குடும்பத்தின் வேலை மட்டுமே ஒரு லேத்தை வருடம் முழுவதும் நிரப்புமானால், அந்தக் கட்டளை ஒரே தொழிற்சாலையிலிருந்தன்றிப் பலரிடமிருந்து வருமானால், மற்ற வேலைகளுக்கு வேறு லேத்துகள் குறைந்தது இரண்டாவது இருக்குமானால், செல் தயங்காமல் அமைக்கவேண்டியது. கொழுந்தை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சிடிசி ரோலர்களின் பற்களைத் திரும்ப வெட்டிக் கொடுப்பதையே முக்கிய தொழிலாகக் கொண்ட பட்டறை இதற்கு நல்ல உதாரணம். அங்கே பாதை மாறுவதில்லை, ரோலரோ பாரமானது, அதைத் தூக்கிக்கொண்டு அலைவதே பெரிய விரயம்.

## வழி 3: இடம் மாற்றாத செல்

இயந்திரங்கள் நகராது, பொறுப்பு மட்டும் நகரும். புஷ், பின் குடும்பத்துக்கென்று ஒரு லேத்தும் ஓர் ஆளும் குறித்துவைக்கப்படும். அந்த ஆள் கம்பியை அறுப்பதிலிருந்து அழுத்திப் பொருத்துவதுவரை தானே கொண்டுசெல்வார். லேத்தில் ஒரு நிறப் பலகை தொங்கும்; கருவிகள் அந்தக் குடும்பத்துக்கென்றே அடுக்கப்பட்டிருக்கும். பத்துப் பதினைந்து அடி கூடுதலாக நடப்பதுதான் நட்டம். சிறிய பட்டறையில் நடை ஒரு பொருட்டே அல்ல; பாகம் ஒன்று மேசையடியில் மூன்று நாள் கிடப்பதுதான் பொருட்டு.

இதன் சிறப்பு, அதைக் கலைக்கமுடியும் என்பதில் இருக்கிறது. முறிந்த ஷாஃப்ட் வந்தால் பலகையைக் கழற்றிவைத்து, இரண்டு லேத்தும் பொதுவாகிவிடும். கணக்கின்படி சொன்னால், சாதாரண நாளில் செட்டிங் மிச்சத்தையும், அவசர நாளில் 4.3 அளவிலான காத்திருப்பையும் ஒருங்கே பெறுகிறோம். தரை, மின்சாரம், அனுமதி என்ற மூன்றும் கேள்வியிலிருந்தே நீங்கிவிடுகின்றன.

செலவு முழுவதும் மனிதர் பக்கம் இருக்கிறது. லேத் மட்டும் அறிந்தவர் கீவே (ஷாஃப்டில் சாவி பொருந்தும் பள்ளம்) வெட்டவும் துளையிடவும் பழகவேண்டும். இரண்டாவது தொழில் பழகியவருக்குச் சம்பளம் கூட்டவேண்டும். கூட்டாவிட்டால், அந்த இரண்டு தொழிலோடும் அவர் மத்திய கிழக்குக்கோ கொழும்புக்கோ போய்விடுவார், கூட்டினாலும் போகக்கூடும். பலகையை எப்போது கழற்றலாம் என்பதற்கு எழுதிவைத்த விதி இல்லையென்றால், சத்தமாகப் பேசும் வாடிக்கையாளர் ஒவ்வொருவரும் அவசரக்காரராகி, ஒரு மாதத்தில் செல் என்பதே பேச்சளவில் நின்றுவிடும். தொழிற்சாலை ஓடாமல் நிற்கிறது என்றால் மட்டும் கழற்றுவது என்பதே நான் பரிந்துரைக்கும் விதி.

## வழி 4: தளத்தில் வேலை வரம்பு

ஜோன் லிட்டில் 1961 இல் நிறுவிய விதி எளிமையானது: தளத்தில் கிடக்கும் வேலைகளின் எண்ணிக்கையை, நாளொன்றுக்கு முடியும் வேலைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரிக் காலம் கிடைக்கும். 36 வேலைகள் கிடந்து நாளுக்கு 3 முடிந்தால் 12 வேலை நாட்கள். அதே வேகத்தில் 15 வேலைகளை மட்டும் உள்ளே விட்டால் 5 நாட்கள். யாரும் வேகமாக உழைக்கவில்லை, எதுவும் நகரவில்லை.

செய்யவேண்டியது, எண்ணிட்ட அட்டைகள் 15 வைத்துக்கொண்டு, அட்டை கிடைத்த வேலையை மட்டும் உள்ளே எடுப்பது. முடிந்த வேலையின் அட்டை அடுத்ததற்கு. இரண்டு அட்டைகளைச் சிவப்பாக்கி அவசரத்துக்கென்று ஒதுக்கிவைக்கலாம். பெரிய பட்டறைகளுக்கு ராஜன் சூரி 1990களில் வகுத்த போல்கா என்ற முறை, இயந்திரப் பிரிவுகளின் ஒவ்வொரு சோடிக்கும் தனி அட்டை வைத்து இதையே நுணுக்கமாகச் செய்கிறது. ஆறேழு இயந்திரமுள்ள நமக்கு அவ்வளவு தேவையில்லை.

இதில் கஷ்டம் வாசலில் வரும். தெரிந்த தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையைப் பார்க்கும் டீமேக்கரிடம், சாமானை இப்போது இறக்காதீர்கள், வியாழக்கிழமை கொண்டுவாருங்கள் என்று சொல்லவேண்டும். நம்மவர்களுக்கு அது வாயில் வராது. சாமானை வாங்கி மூலையில் போட்டால் வேலை பிடித்துவிட்டோம் என்ற நிம்மதி, வாடிக்கையாளருக்கும் ஒப்படைத்துவிட்டோம் என்ற நிம்மதி, இரண்டும் பொய். முன்பணம் வாங்கிக் கம்பி வாங்கும் பழக்கமுள்ள பட்டறைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: உள்ளே எடுக்கும் வேலை குறைந்தால் முதல் மாதத்தில் கையில் புழங்கும் முன்பணமும் குறையும். அதைத் தாங்க ஒரு மாதத்துக் கைக்காசு வேண்டும்.

## பக்கத்தில் பக்கத்தில்

| அளவுகோல் | இருந்த இடத்தில் ஒழுங்கு | இடம் மாற்றிய செல் | இடம் மாற்றாத செல் | வேலை வரம்பு |
|---|---|---|---|---|
| அவசர வேலை | ஓரளவு விரைவு | தாமதம் கூடலாம் | பலகை கழற்றினால் விரைவு | சிவப்பு அட்டை இருந்தால் விரைவு |
| திரும்ப வரும் வேலை | செட்டிங் மிச்சம் | மிகக் கூடிய மிச்சம் | நல்ல மிச்சம் | நேரடி மிச்சம் இல்லை |
| தரை, மின்சாரம் | தொடவேண்டியதில்லை | முழுவதும் புதிது | தொடவேண்டியதில்லை | தொடவேண்டியதில்லை |
| ஆட்கள் | உதவியாளருக்குப் பயிற்சி | பல தொழில் தேவை | பல தொழில் தேவை | உரிமையாளருக்கே பயிற்சி |
| மறைந்த செலவு | பயனுள்ளதை எறிதல் | தளம் இறங்குதல், நிறுத்த நாட்கள் | சம்பள உயர்வு, விதி தளர்தல் | முன்பணம் குறைதல் |
| பின்வாங்குவது | எளிது | மிகக் கடினம் | ஒரே நாளில் | ஒரே நாளில் |

கடைசி வரிசைக்கே நான் அதிக மதிப்புக் கொடுக்கிறேன். கட்டளைகளின் போக்கு வருடத்துக்கு வருடம் மாறும் தொழிலில், பின்வாங்கமுடியாத முடிவைக் கடைசியாக எடுப்பதே நியாயம்.

## எந்த வழியை எப்போது

இரண்டு லேத்துக்குக் குறைவாக வைத்திருப்பவருக்குச் செல் பற்றிய பேச்சே வேண்டியதில்லை. முதலாவதும் நான்காவதும் போதும். வீதி மட்டத்தில் ஒரு தளமும் கீழே ஒரு தளமுமாக உள்ளவர், பாரமான பாகங்களின் பாதை படிக்கட்டைத் தாண்டாதபடி பார்ப்பது மட்டும் அவசியம். அதற்காக ஓர் இயந்திரத்தை மேலே கொண்டுவர நேர்ந்தால் அந்தச் செலவு தகும். மினி நீர்மின் நிலையங்களின் டர்பைன் வேலை போல, எப்போதாவது வந்து பல நாள் லேத்தைப் பிடித்துக்கொள்ளும் பெரிய வேலைகளை எடுப்பவருக்கு வேலை வரம்பு மிகவும் முக்கியம், அந்த ஒரு வேலையே மற்ற எல்லாவற்றையும் வாசலில் நிறுத்திவிடும் என்பதால்.

மூன்று நான்கு லேத்துகளோடு கலவையான வேலை எடுப்பவர்தான் உண்மையில் குழம்பவேண்டியவர். அவர் முதலில் பாதைகளை எழுதவேண்டும். பில் புத்தகத்தைப் பார்த்துப் பயனில்லை. அதில் ஷாஃப்ட் வேலை ஒன்று என்றுதான் இருக்கும். வரும் ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அட்டை எழுதி, அது சென்ற இயந்திரங்களை வரிசையாகக் குறித்து, மூன்று மாதம் கழித்து ஒரே பாதையுள்ளவற்றை மேசைமேல் ஒன்றாக அடுக்கினால் குடும்பங்கள் தாமாகவே தெரியும். கணினி தேவையில்லை, ஒரு போயா விடுமுறையின் காலைப்பொழுது போதும்.

கொட்டகலைக்காரர் அப்படி எழுதிக்கொண்டு வந்தார். புஷ், பின் அடுக்கு அவர் நினைத்ததைவிட உயரமாகவே இருந்தது. ஆனாலும் ஒரு லேத்தை வருடம் முழுவதும் நிரப்பும் அளவுக்கு இல்லை, அதில் பெரும்பகுதி ஒரே தோட்டக் கம்பனியிலிருந்து வந்தது. ஆகவே தளத்தை உடைக்கவில்லை. அறுக்கும் இயந்திரம் கதவோரம் போயிற்று, கிரைண்டருக்குத் தகர மறைப்பு வந்தது, இரண்டாவது லேத்தில் நீலப் பலகை தொங்குகிறது, சுவரில் 12 வெள்ளை அட்டைகளும் 2 சிவப்பு அட்டைகளும் இருக்கின்றன. வரைபடத்தை அவர் எறிந்துவிடவில்லை. ஜனவரிப் பருவம் ஒன்று கடந்து, ஒரு வருடத்து அட்டைகள் சேர்ந்தபின் அதை மீண்டும் விரித்துப் பார்ப்பதாகப் பேசிவைத்திருக்கிறோம்.